மஜெல்லா விழுங்கிய தாள்

வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பேச்சுக்குப் பஞ்சம் என்று யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ஊரிலேயே வாயாடி என்று பெயர் வாங்கியவள் மஜெல்லா டெவனி. பதினாறு வயதில் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்க உட்கார்ந்தாள். அறையில் நூறு தையல் இயந்திரங்கள் ஒன்றாகக் கத்தும். அதற்கும் மேலே அவள் குரல் கேட்கும்.

"மஜெல்லா, உன் வாய்க்குத் தனியா மோட்டார் வெச்சிருக்கியா?" என்று மேற்பார்வைக்காரி கேட்பாள்.

"மோட்டார்னா கரண்ட் வேணும். எனக்கு ஒரு கப் டீ போதும். அதுக்கும் நீங்க அரை மணி லேட்டாத்தான் விடறீங்க."

இப்படிப்பட்ட வாய்க்குள் ரகசியம் இருக்கும் என்று எந்த பிரிட்டிஷ் சிப்பாய்க்குத் தோன்றும்? ரகசியம் சுமக்க அவளைத் தேர்ந்தெடுத்த இயக்கத்தார் முட்டாள்கள் இல்லை.

அப்போது பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து, ஊரில் பாதி வீடுகளிலிருந்து ஒருவனாவது சிறையில் இருந்தான். மஜெல்லாவின் தம்பி லோர்கனும் உள்ளே. கைதி உடையைப் போடமாட்டோம், நாங்கள் திருடர்கள் இல்லை என்று அவர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வருடக்கணக்கில் கிடந்தார்கள். காகிதம், பேனா எதுவும் உள்ளே கிடையாது. அதனால் எப்படியோ கிடைத்த சிகரெட் தாளில், எப்படியோ கிடைத்த பேனாக் குழலால், எறும்பு எழுத்தில் எழுதி, சுருட்டி, மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு ஆக்கிவிடுவார்கள். பார்க்க வரும் பெண்களின் வாயில் அது வெளியே போகும். பதிலும் அப்படித்தான் உள்ளே வரும்.

வாயிலிருந்து வாய்க்கு மாற்ற ஒரே வழி முத்தம். அக்காவோ அம்மாவோ கொடுக்கும் கன்னத்து முத்தம் இந்த வேலைக்கு உதவாது. ஆகவே இயக்கத்தில் மேலே இருந்தவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அடுத்த தெருவைச் சேர்ந்த மலக்கி டூகன் என்ற கைதிக்கு மஜெல்லாதான் நிச்சயித்த பெண் என்று சிறைப் படிவத்தில் எழுதப்பட்டது. அதற்கு முன் அவள் அவனோடு மொத்தம் நான்கு தடவை பேசியிருப்பாள். அதில் இரண்டு தடவை சண்டை.

பதினான்கு முறை போனாள்; பதினான்கு முத்தங்கள். முதல் முறை இருவர் பல்லும் இடித்துக்கொண்டன. காவல்காரன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்து, எங்கே கொட்டையைக் கீழே விட்டுவிடுவோமோ என்று பயந்து, மலக்கியின் காதைப் பிடித்துத் திருகிவிட்டாள். காதல் என்று காவல்காரன் நினைத்துக்கொண்டான். விடுதலையான பிறகு மலக்கி நோரீன் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். கடைத்தெருவில் மஜெல்லாவைப் பார்த்தால் நோரீன் விடமாட்டாள். "இதோ வர்றா பாருங்க, என் புருஷனோட முதல் சம்சாரம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கட்டிப்பிடித்துக்கொள்வாள்.

வாயில் தாளோடு திரும்பும் பெண்கள் பொதுவாகப் பேசமாட்டார்கள். அது சிப்பாய்களுக்கும் தெரியும். ஊமையாக இருப்பவளைத்தான் முதலில் இறக்கிச் சோதிப்பார்கள். மஜெல்லா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டில் ஒரு காய்ந்த பீன்ஸ் கொட்டையை மேல் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகிக்கொண்டு முழு ஜெபமாலையையும் சத்தமாகச் சொல்லிப் பழகினாள். பிறகு ரொட்டி தின்று பழகினாள். ஒரு மாதத்தில், வாயில் கொட்டை இருப்பதே அவளுக்கு மறந்துபோகும் அளவுக்குத் தேர்ந்துவிட்டாள். கைதிகளின் குடும்பங்களை ஏற்றிப் போகும் வேனில் எழுபது மைல், மலையேறி இறங்கும் வழி முழுக்க, அவள் வாய் ஓயாது.

"மஜெல்லா, கொஞ்சம் மூச்சு விடு. கண்ணாடி எல்லாம் ஆவி படியுது" என்பாள் வேன் ஓட்டும் டிம்ப்னா.

பிறகு அந்தக் கோடை வந்தது. அரசியல் கைதிகளாக நடத்தக் கேட்டு உள்ளே உண்ணாவிரதம் நடந்தது. ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் பெண்கள் குப்பைத்தொட்டி மூடியை எடுத்துக்கொண்டு வந்து தெருவில் மண்டியிட்டு அடிப்பார்கள். மஜெல்லாவும் அடித்தாள்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை மலக்கியைப் பார்க்கப் போனாள். முத்தம் முடிந்ததும் எப்போதும் விலகிவிடுகிறவன் அன்று விலகவில்லை. காதோரம் சொன்னான்.

"இன்னைக்கே போய்ச் சேரணும். எப்படியாச்சும் இன்னைக்கே."

என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப்போகிறவளுக்குச் சொல்லக் கூடாது. அதுதான் விதி. அவளும் கேட்கவில்லை.

மலைக்கணவாயில் ராணுவம் வேனை மறித்து ஓரங்கட்டச் சொன்னது. மஜெல்லா பேசிக்கொண்டேதான் இருந்தாள், டிம்ப்னாவின் மாமியார் பற்றி. அப்போது ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பெண் போலீஸ் நேராக வேனை நோக்கி வந்தாள். கையுறை என்றால் வாய்க்குள் விரல் விடுவார்கள் என்று அர்த்தம். அதற்கு முன் பதின்மூன்று முறையும் பயப்படாத மஜெல்லா அன்று பயந்தாள். விழுங்கிவிட்டாள்.

பெண் போலீஸ் வேனைத் தாண்டிப் போனாள். பின்னால் ஆடு ஏற்றிய வண்டி ஒன்று நின்றிருந்தது. அதற்குத்தான் கையுறை.

அன்று மாலை தாள் வாங்கிப்போகிறவன் வாசலில் வந்து நின்றான். "ஏதாச்சும் இருக்கா?"

"இந்த வாரம் ஒண்ணுமில்ல" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று யாரும் அவளைக் குறை சொல்லலாம், அந்த இடத்தில் நின்று பார்க்காதவரை. இருபத்தாறு வயது. ஓர் ஆட்டு வண்டிக்குப் பயந்தேன் என்று சொல்ல வெட்கம். விழுங்கியது ஓரிரு நாளில் வெளியே வரும், கழுவிக் கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று நினைத்தாள். விளக்கெண்ணெய் குடித்தாள். வந்தது, வியாழக்கிழமை. பல்லில் பட்டு பிளாஸ்டிக் கிழிந்திருந்தது. உள்ளே தாள் கூழாகியிருந்தது. அதற்கு முன்பே, புதன் காலையில், தெருவில் மூடிகளை அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னொருவன் இறந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தத் தாளைப் பற்றி அவளால் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. மலக்கியைப் பார்க்கவும் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். அவன் படிவத்தில் வேறொரு பெண்ணின் பெயர் ஏறியது.

ஆகஸ்டில் இறந்த ஒருவனின் இடத்தில் உண்ணாவிரதம் இருக்க லோர்கன் பெயர் கொடுத்தான். நாற்பத்தெட்டாம் நாள் நினைவு தப்பியது. உணவு ஏற்றிக் காப்பாற்றச் சொல்லி அம்மா மருத்துவருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். உயிர் தங்கியது, கண் தங்கவில்லை. நேரே பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதன் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் உலகம். இருபத்தைந்து வயதுக்காரனுக்கு அவ்வளவுதான் மிச்சம்.

விடுதலையானபின் அவன் மஜெல்லாவோடு வந்துவிட்டான். அம்மா போய்ச் சேர்ந்தாள். பக்கத்துக் கடலோர ஊரான பங்க்ரானாவில் ஒரு மீன்பிடிப் படகுக்காரர் மஜெல்லாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். நல்ல மனிதர். அவளுக்கும் ஆசைதான். லோர்கனை யார் பார்ப்பது என்று வேண்டாமென்றுவிட்டாள். அந்த வேண்டாமில் எவ்வளவு பாசம், எவ்வளவு குற்ற உணர்வு என்று அவளே பிரித்துப் பார்க்கவில்லை. அந்தத் தாளில் என்ன இருந்ததோ, சோப்போ புகையிலையோ கேட்டு எழுதியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெரும்பாலான நாட்களில் அதை நம்பவும் செய்தாள்.

தினமும் காலையில் அவனுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவாள். முதலில் மரண அறிவிப்புகள், பிறகு குதிரைப் பந்தயம், பிறகுதான் நாட்டு நடப்பு. இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு வசந்தகாலத்துக் காலையில், நடுப்பக்கத்தில் மலக்கி டூகனின் படம் இருந்தது.

"மலக்கி பேட்டி குடுத்திருக்கான்" என்றாள்.

"அவனா? என்ன சொல்றான் பெரிய மனுஷன்? வாசி."

வாசித்தாள். அந்தக் கோடையில் லண்டன் அரசு ஓர் இடைத்தரகர் மூலம் ரகசியமாகத் தொலைபேசியில் பேரம் பேசியது. கைதிகள் கேட்டதில் பெரும்பகுதியைத் தர ஒத்துக்கொண்டது. அந்தச் செய்தி உள்ளே வந்ததும், போதும், ஏற்றுக்கொள்ளலாம், இனி யாரும் சாகவேண்டாம் என்று உள்ளே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். 'அந்த முடிவை நான்தான் என் கையால் எழுதி வெளியே அனுப்பினேன். ஜூலையில், திங்கட்கிழமை. வெளியே இருந்த மேலிடம் சரி சொன்னால்தான் நிறுத்த முடியும்; அது பதிலே தராமல் அமுக்கிவிட்டது. அதற்குப் பிறகும் பையன்கள் செத்தார்கள்.'

திங்கட்கிழமை என்ற சொல்லில் மஜெல்லாவின் குரல் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?"

"கண்ணாடி மங்கிடுச்சு."

துடைப்பதுபோல் பாவனை செய்தாள். மீதியை எப்படி வாசித்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வாசித்து முடித்ததும் லோர்கன் மேசையில் ஓங்கிக் குத்தினான். டீ சிந்தியது.

"பொய்யன்! எல்லாம் புளுகு! அப்படி ஒரு தாள் வந்திருந்தா நான் ஏன் ஆகஸ்ட்ல சாப்பாட்ட நிறுத்தணும்? என் கண்ணு என்ன, சும்மா போச்சா? சொல்லு மஜ், சும்மாவா போச்சு?"

"இல்லடா" என்றாள். வேறென்ன சொல்வாள்?

ஊர் இரண்டாகியது. மேலிடத்து ஆட்கள் சொன்னார்கள்: "தாளே வரல. வந்திருந்தா காட்டட்டும். யார் கையில குடுத்தான்னு சொல்லட்டும்." அரங்கில் கூட்டம் போட்டு மலக்கியைக் கேட்டார்கள். நூறு பேர் நடுவே நின்று அவன், "பேர் சொல்ல மாட்டேன்" என்றான். பேர் சொல்லியிருந்தால் பாதிப் பழி அன்றே தீர்ந்திருக்கும். கூட்டம் ஊளையிட்டது. கடைசி வரிசையில் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மஜெல்லாவின் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எழுதி அனுப்பினேன் என்று மலக்கி சொல்கிறான், அது உண்மை. எங்களிடம் வரவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள், அதுவும் உண்மை. ஊரே கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருக்க, இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாயைத் திறந்தால் மலக்கி பொய்யன் இல்லை என்று ஆகும். அதே வாய், லோர்கனின் கண்ணைத் தின்றது யார் என்றும் சொல்லிவிடும். இருபத்தைந்து வருடமாக அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். அந்த வசந்தம், அந்தக் கோடை முழுவதும் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலைத் தோழிகள், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

மலக்கி வீட்டுப் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்குப் 'பொய்யன்' என்று பெயின்ட் அடித்தார்கள். மாதா கோயிலில் அவன் உட்காரும் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். அக்டோபரில் நோரீன் இறந்தாள். நெடுநாள் நோய்.

டெர்ரியில் ஒருவர் இறந்தால் முன்னறையில் பெட்டியில் கிடத்தி, இரண்டு நாள் வீடு திறந்தே இருக்கும். பகையாளிகூட வந்து, கையைக் குலுக்கி, "உங்க துக்கத்துக்கு வருந்துறேன்" என்று சொல்லி ஒரு கப் டீ குடித்துவிட்டுத்தான் போவான். வராமல் இருப்பது என்பதைக் கேள்விப்பட்டதே கிடையாது. மஜெல்லா மதியம் இரண்டு மணிக்குப் போனாள். தெருவில் ஒரு வண்டி இல்லை. உள்ளே நோரீனின் இரண்டு தங்கைகளும் கிளாஸ்கோவிலிருந்து வந்த மகனும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். கோயில் மண்டபத்திலிருந்து வாங்கி வந்த எண்பது கப்புகள் மேசையில் வரிசையாகக் கவிழ்த்தபடி இருந்தன. முட்டை வெங்காய சாண்ட்விச்சுகள் தட்டுத் தட்டாக, ஓரம் காய்ந்து, மேல்நோக்கி வளைந்திருந்தன.

மலக்கி எழுந்து வந்தான். சட்டைக் காலர் அவனுக்கு இரண்டு அளவு பெரிதாகிவிட்டிருந்தது.

"வந்தியே" என்றான். "நோரீன் கேட்டுட்டே இருந்தா. முதல் சம்சாரம் வருவாளான்னு."

மஜெல்லா பெட்டியருகே மண்டியிட்டாள். ஜெபம் வரவில்லை. தன் மௌனத்துக்கான கூலியை இந்தப் பெண் பெட்டிக்குள் கிடந்து கொடுக்கிறாளே என்று நினைத்தாள். எழுந்து மூன்று சாண்ட்விச் தின்றாள், பசியே இல்லாமல். பிறகு வீட்டுக்கு நடந்தாள்.

லோர்கன் மேசையில் சோடா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தட்டைச் சாய்வாக வைத்து, கண்ணின் ஓரத்தால் பார்த்து.

"நிறைய பேரா?" என்று கேட்டான்.

"யாருமில்ல."

கத்தி நின்றது. "யாருமேவா? துக்க வீட்டுக்கா?" அவனுக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "அவன்மேல கோவம்னா நோரீன் என்ன பண்ணா?"

"லோர்கன், மலக்கி பொய் சொல்லல. அந்தத் தாளை வெளிய எடுத்துட்டு வந்தது நான்."

"எந்தத் தாளை?"

"அந்தத் திங்கக்கிழமை தாளை."

"அப்போ எங்க அது?"

"முழுங்கிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். கையுறை, ஆட்டு வண்டி, வாசலில் வந்து நின்றவன், வியாழக்கிழமை. எதையும் பூசி மெழுகவில்லை. அவள் முடித்ததும் அவன் எழுந்தான். சுவரைத் தொட்டுக்கொண்டே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். படாரென்று சாத்தியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினான்.

மறுநாள் அடக்கம். காலையில் அவன் அறையிலிருந்து கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். டை கோணலாக இருந்தது. அவள் சரிசெய்யக் கை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். தெருவில் நடக்கும்போது எப்போதும்போல் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்; வேறு வழியில்லை. கை இருந்தது, ஆனால் விரல்கள் ஒட்டவில்லை.

அங்கே பெட்டியை வீட்டிலிருந்து மேட்டுக் கோயில் வரை ஆண்கள் முறைபோட்டுச் சுமப்பது வழக்கம். ஆறு பேர், இரண்டிரண்டாக, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு. நூறடிக்கு ஒருமுறை ஆள் மாறும். மலக்கி, அவன் மகன், சவ அடக்கக்காரர், அவரது உதவியாள் இரண்டு பேர் என்று ஐந்து பேர்தான் நின்றார்கள். மாற்ற ஆளே கிடையாது. எதிர்வீட்டு வாசல்களில் ஆண்கள் கைகட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

லோர்கன் அக்காவின் முழங்கையை விட்டான்.

"மலக்கி, எங்க நிக்கிற நீ?"

"இங்க. முன்னால."

"பக்கத்துல இடம் இருக்கா?"

"இருக்கு. உன்னால முடியுமா லோர்கன்? மேடு."

"சுமக்கறதுக்குக் கண்ணு எதுக்குடா? நான் தடுக்கினா நோரீனே எழுந்து வந்து திட்டுவா. குனி, நீ என்னைவிட உயரம்."

இருவரும் பெட்டிக்குக் கீழே தோள் கொடுத்தார்கள். லோர்கன் தன் கையை மலக்கியின் தோளைச் சுற்றிப் போட்டான். உண்ணாவிரதத்தில் கண்ணைக் கொடுத்தவன் என்று அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்கும் அவனைத் தெரியும். மலக்கியைப் பொய்யன் என்று அரங்கில் முதல் ஆளாகக் கத்தியவனும் அவன்தான். முதல் நூறடி போனார்கள். ஒரு வாசலில் கைகட்டி நின்றவர் கையை அவிழ்த்துவிட்டு இறங்கி வந்தார். பிறகு அண்ணன் தம்பி இருவர். கசாப்புக் கடைக்காரர் மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தார். கோயில் வாசலுக்குப் போகும்போது, சுமக்க ஆள் அதிகமாகி, முறை கிடைக்காமல் சிலர் முணுமுணுத்தார்கள். பின்னால் நடந்த மஜெல்லா அழுதுகொண்டே அதைக் கேட்டாள்.

அடக்கம் முடிந்து எண்பது கப்பும் புழங்கின. போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கினார்கள். நான்கு மணிக்கு மேல் கூட்டம் கலைந்தது. நோரீனின் தங்கைகள் மாடியில் படுத்துவிட்டார்கள். மகன் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனான். சமையலறையில் மலக்கியும் லோர்கனும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மஜெல்லா கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி இன்னும் அவளிடம் பேசவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றான் லோர்கன். "அன்னைக்கு எத்தனை தாள் எழுதின?"

"ஒண்ணு" என்றான் மலக்கி. "ஒண்ணே ஒண்ணு. இன்னொண்ணு எழுதத் தாளும் இல்ல, நேரமும் இல்ல. பத்திரிகைக்காரன் துருவித் துருவிக் கேட்டான். ரெண்டுன்னு சொல்லியிருந்தா எனக்கு வசதிதான். ஆனா ஒண்ணுதான்."

மஜெல்லா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"மலக்கி, அது போய்ச் சேரல. நான் மலைமேல முழுங்கிட்டேன். கேட்டு வந்தவன்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். நாளைக்கு நானே பத்திரிகை ஆபீஸ்ல போய்ச் சொல்லிடறேன். நீ எழுதினது நிஜம், அனுப்பினது நிஜம். யாரும் உன்னப் பொய்யன்னு சொல்ல விடமாட்டேன்."

மலக்கி கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தான்.

"அப்போ அவங்க கைக்குப் போகவே இல்ல" என்றான்.

"போகல."

தாளை அமுக்கியவர்கள் என்று நம்பி, இருபத்தைந்து வருடமாக மேலிடத்து ஆட்கள் எத்தனை பேரோடு அவன் பேச்சை முறித்திருந்தான், தெருவில் எத்தனை பேரைப் பார்த்து எச்சில் துப்பியிருந்தான் என்று மஜெல்லாவுக்குத் தெரியும். அதெல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாகப் போனதை அவள் நின்று பார்த்தாள். திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள்.

மலக்கி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஈரக் கையில் துண்டைப் பிசைந்துகொண்டு நின்ற ஐம்பத்தொரு வயதுக்காரியைப் பார்த்தான்.

"இரு, இரு" என்றான் மெதுவாக. "வயசாச்சுல்ல, மறந்தே போச்சு. இன்னொண்ணு எழுதினேன். ஆமா. உன்கிட்ட ஒண்ணு, பாதிரியார்கிட்ட ஒண்ணு. பாதிரியார் எடுத்துட்டுப் போனது போய்ச் சேந்துச்சு. உன்னோடது போனா என்ன, போகாட்டி என்ன? நீ பத்திரிகைக்கெல்லாம் போக வேண்டாம்."

"இப்பத்தானே ஒண்ணுன்னு சொன்ன."

"இப்பத்தான் ஞாபகம் வருது."

மஜெல்லா தம்பியைப் பார்த்தாள். இதைக் கேட்டு அவன் சும்மா இருக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பொய் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது.

லோர்கன் கப்பைத் தடவி எடுத்து ஒரு மடக்குக் குடித்தான்.

"ரெண்டுதான்" என்றான். "அறைக்கு அறை பேசுவோமே, அந்தச் சுடுதண்ணிக் குழாய் வழியா நீ சொன்னப்போ பக்கத்து அறையில நான்தான இருந்தேன். நல்லாக் கேட்டுச்சு. ரெண்டு அனுப்பறேன்னு சொன்ன."

அந்தக் கோடையில் லோர்கன் இருந்தது வேறு கட்டிடத்தில். நடுவில் இரண்டு மதிலும் ஒரு முள்வேலியும். அது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"ஆமா" என்றான் மலக்கி. "நீதான் பக்கத்துல இருந்த."

மஜெல்லா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். டெர்ரியின் வாயாடிக்கு ஒரு சொல் வரவில்லை. லோர்கன் கையை நீட்டிக் காற்றில் துழாவி அவள் முழங்கையைக் கண்டுபிடித்தான். இந்த முறை விரல்கள் இறுகப் பிடித்தன.

"உக்காரு மஜ்" என்றான். "டீ ஆறுது."

அவள் உட்கார்ந்து, இரண்டு பேர் நடுவில், வாய்விட்டு அழுதாள்.